சனிக்கிழமை நோட்டு

எங்கள் ஊருக்குக் கேபிள் டிவி வந்த வருஷம்தான் நான் தஞ்சாவூருக்குப் புள்ளியியல் படிக்கப் போனேன். டீக்கடையில் கிரிக்கெட் ஓடும்போது, ஆட வருகிறவரின் பெயருக்குக் கீழே எண்கள் வரும். எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார், சராசரி என்ன, இந்த மைதானத்தில் எப்படி, அந்த நாட்டுக்கு எதிராக எப்படி என்று. கடையில் இருந்தவர்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். நான் அந்த எண்களைப் பார்த்தேன். ஒரு ஆளைப் பற்றி யாரும் மறுத்துப் பேச முடியாதபடி ஒரு வரியில் எழுதிவிட முடியும் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எங்கள் வீட்டாரைப் பற்றி எங்கேயும் ஒரு வரி எழுதப்பட்டதில்லை. அப்பா கைநாட்டு. அம்மாவும் அப்படித்தான். அண்ணன் மூன்றாவதோடு நின்றுவிட்டான். புத்தகத்தோடு வீட்டை விட்டு வெளியூர் போன முதல் ஆள் நான்தான்.

எண்ணும் பழக்கம் அதற்கு முன்பே இருந்தது. அப்பா பண்ணையாளாக இருந்து, பிறகு மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சாகுபடி செய்தார். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். ஒவ்வொரு மடைக்கும் வாரத்தில் ஒரு நாள். எங்கள் மடைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து சனிக்கிழமை விடியும் வரை. அந்த நேரம் முழுக்க மண்வெட்டியோடு ஒருவர் அங்கே நின்றாக வேண்டும். கண் அயர்ந்தால் மேல்மடைக்காரர் இரண்டு வெட்டு மண் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். அப்பாவுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் வரப்பு தெரியாது. அதனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து அது என் வேலை. தூக்கம் வராமலிருக்க, எந்த வயலைத் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எட்டுகிறது என்று எண்ணிக்கொண்டு நிற்பேன்.

கல்லூரிக்குப் போன பிறகு கண்ணில் படுவதையெல்லாம் எண்ணினேன். தஞ்சாவூரிலிருந்து ஊருக்கு வரும் பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும். "நம்ம வண்டி வந்தாத்தான் கேட்ட சாத்துவாங்க" என்று பஸ்ஸில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை. ஒரு பருவம் முழுக்க டிக்கெட்டின் பின்பக்கம் குறித்து வைத்தேன். கேட் திறந்திருந்து பஸ் நேராகப் போன நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. ஊரார் எல்லாரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று எனக்கு மட்டும் சரியாகத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

அண்ணன் கபடி ஆடுவான். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பாடிப் போகிறவர்களில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அவனுக்குப் பெயர் இருந்தது. வலது காலை நீட்டி, உடம்பைத் தரையோடு சாய்த்துத் தொட்டுவிட்டு, பிடிப்பதற்குள் திரும்பியிருப்பான். அந்த ஆட்டத்தை நம்பித்தான் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அரசுத் துறை ஒன்றின் கபடி அணிக்கு ஆள் எடுத்தால், விளையாட்டை வைத்தே நிரந்தர வேலை கிடைக்கும். ஆனால் எல்லா இடத்திலும் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு வந்த காலம் அது. அந்த வருஷம் ஆவணியில் ஒரு போட்டிக்கு ஆள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அதற்குப் பிறகு வருவார்களா என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் அண்ணனுக்கு வயது தாண்டிவிடும். அதில் தேறவில்லை என்றால் சவூதிக்குப் போவது என்று அவன் தீர்மானித்திருந்தான். ஊரில் அவன் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஏற்கனவே போய்விட்டிருந்தார்கள்.

எங்கள் அணியை நடத்தியவர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த பாய். பன்னிரண்டு வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர். பனியன் எடுத்துக் கொடுப்பது, வேன் பிடிப்பது, யார் ஆடுவது, யார் உட்காருவது என்று எல்லாம் அவர் பொறுப்பு. கல்லூரியில் இரண்டாம் வருஷம் சேர்ந்த புதிதில், கிரிக்கெட்டுக்கு எழுதுவதுபோல நம் ஆட்டத்துக்கும் எழுதிப் பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"எழுதுங்க தம்பி" என்றார். "எங்கிட்ட எல்லாரும் வந்து, அவன் நல்லா ஆடறான், இவன் நல்லா ஆடறான்னுதான் சொல்றாங்க. கடைசியில பாத்தா மாமன் மச்சானைத்தான் சொல்லியிருப்பாங்க. உங்க அண்ணனா இருந்தாலும் உள்ளதை எழுதிக் குடுங்க."

உள்ளதை எழுதுவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். அதை நான் காப்பாற்றினேன் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். தொட்டுவிட்டு வந்தால் வட்டம். பிடிபட்டால் பெருக்கல் குறி. சும்மா பாடிவிட்டுத் திரும்பினால் ஒரு கோடு. எந்தப் பக்கம் போனார்கள், முதல் பாதியா, பிற்பாதியா என்று தனித்தனிக் கட்டம். ஆனி, ஆடி மாதத் திருவிழாக்களையொட்டிப் போட்டிகள் சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கும். ஜெயித்த அணிகள் ஞாயிற்றுக்கிழமை மறுபடி மோதும். சனிக்கிழமை எனக்கு அரைநாள் வகுப்பு. முடிந்ததும் பஸ் ஏறி நேராக மைதானத்துக்கு வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையே கிளம்பிவிட வேண்டும். மத்தியானத்துக்குள் விடுதியில் கையெழுத்துப் போடாவிட்டால் திங்கட்கிழமை விசாரணை நடக்கும்.

நான் நோட்டோடு கோட்டோரம் உட்கார்ந்ததும் கிண்டல் தொடங்கிவிடும்.

"கணக்குப்புள்ள வந்துட்டாருடா. இனிமே மூச்சு வாங்கினாலும் எழுதிடுவாரு."

"வாத்தியாரே, நான் நேத்து குளிச்சதை எழுதினியா?"

"நீ குளிச்சாத்தானேடா எழுதறதுக்கு!"

அண்ணன் இதில் சேரமாட்டான். தண்ணீர் குடிக்க வரும்போது நோட்டை ஒரு தரம் எட்டிப் பார்ப்பான். அவனால் அதைப் படிக்க முடியாது. வட்டமும் பெருக்கலும் மட்டும் தெரியும். "வட்டம் கூடவா, கொறைவா?" என்று கேட்பான். கூட என்றால் தலையாட்டிவிட்டுப் போவான்.

பத்து சனிக்கிழமை எழுதிய பிறகு விடுதியில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மற்றவர்களுக்கு முதல் பாதிக்கும் பிற்பாதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அண்ணனுக்கு இருந்தது. முதல் பாதியில் பத்துக்கு ஆறு முறை தொட்டுவிட்டு வருகிறவன், பிற்பாதியில் பத்துக்கு இரண்டு முறை தொடுவதே அரிதாக இருந்தது. பெருக்கல் குறிகளில் பெரும்பாலானவை கடைசி ஏழெட்டு நிமிடங்களில் விழுந்திருந்தன. தவறாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். வாரம் வாரமாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு வாரம்கூட விலகவில்லை. வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த சோதனையையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் இது தற்செயல் அல்ல என்றது.

அடுத்த சனிக்கிழமை அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, பிற்பாதியில நீ ரொம்பத் தேய்ஞ்சு போறே."

"தேயாம என்ன பண்ணும்? உடம்புதானே" என்றான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வயதாகிறது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். நோட்டிலிருந்த எண்களும் அதற்கு ஒத்துப்போயின. அன்றைக்கே பாயிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கடைக் கல்லாவுக்கு முன்னால் நின்றபடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"நெசமாவா தம்பி?"

"எண்ணிப் பாருங்க பாய்."

"எனக்கு அப்படித் தோணலையே. ஆனா இவ்வளவு எழுதி வச்சிருக்கீங்க." நோட்டை மூடிக் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "சரி. ஆவணிப் போட்டியில பாத்துக்குவோம்."

அந்தப் போட்டியில் எங்கள் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடுதியில் அனுமதி வாங்கிக்கொண்டு இருந்துவிட்டேன். ஆள் பார்க்க வந்த இருவர், நிழலில் போட்ட நாற்காலிகளில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒருநாளும் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. அன்று வந்து, பெண்கள் நின்ற பக்கத்தில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் பாதியில் அண்ணன் நன்றாகவே ஆடினான். வட்டத்துக்கு மேல் வட்டமாகப் போட்டேன். இடைவேளையில் பாய் என்னிடம் வந்து குனிந்தார்.

"இன்னிக்கு நல்லா இருக்கான் போலருக்கே தம்பி. நோட்டு என்ன சொல்லுது?"

"முதல் பாதி எப்பவும் நல்லாத்தான் இருக்கும் பாய். பிற்பாதிக்கு மாத்திடலாம்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

இதைச் சொன்னபோது நான் நேர்மையாக இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். அண்ணன் என்பதற்காக மறைத்தால், மாமன் மச்சானைச் சொல்கிறவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தேன். பிற்பாதியில் அவன் தொடர்ந்து பிடிபட்டால் அவர்கள் முன்னால் அதுதானே நிற்கும், முதல் பாதியோடு நிறுத்தினால் நல்லது மட்டும் நிற்கும் என்றும் ஒரு கணக்குப் போட்டேன். எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டதாகவே இருந்தது.

"கால் நல்லாத்தான் பாய் இருக்கு" என்று அண்ணன் சொல்வது கேட்டது.

"தெரியும்ப்பா. ரெண்டாவது பாதிக்கு அந்தப் புதுப் பையன் போகட்டும். நீ கொஞ்சம் உக்காரு."

அண்ணன் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டோரம் உட்கார்ந்தான். அவனுக்குப் பதிலாக இறங்கியவனுக்குப் பத்தொன்பது வயது. அவன் ஒவ்வொரு முறை பாடிப் போகும்போதும் "எடது கார்னர்டா, எடது கார்னர்" என்று அண்ணன்தான் தொண்டை கட்டக் கத்தினான். நாங்கள் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்ததும் அந்த இருவரில் ஒருவர் பாயைக் கூப்பிட்டார்.

"மொதல் பாதியில பாடினாரே, அவரு எங்க? அடி பட்டிருச்சா?"

"அதெல்லாம் இல்லைங்க சார்."

"பின்ன ஏன் எடுத்தீங்க?"

பாய் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ரெண்டாவது பாதியில நிக்கமாட்டாருங்க" என்றார்.

கேட்டவர் தலையசைத்து ஃபைலை மூடினார். இரண்டடி தள்ளி நின்று நான் அதைக் கேட்டேன். என்னுடைய வாக்கியம் அது. அவர்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டது பத்தொன்பது வயதுக்காரனை. என் முதுகைத் தட்டாதவர்கள் இல்லை. "கணக்குப்புள்ள கணக்கு தப்பாதுடா" என்றார்கள். அண்ணனும் "நம்ம பக்கம் ஜெயிச்சுதுல்ல, போதும்" என்றான். அம்மா வீடு வரும் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

பாயின் மச்சான் சவூதியில் தம்மாம் நகரத்தில் இருந்தார். அவர் மூலமாக விசா வந்தது. கார்த்திகையில் அண்ணன் விமானம் ஏறினான். காய்கறி மொத்தச் சந்தையில் இறக்குமதி வண்டிகளிலிருந்து பெட்டி இறக்கும் வேலை.

அவன் போன பிறகு நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வழக்கம்போல வந்து போய்க்கொண்டிருந்தேன். மழைக்காலம் என்பதால் முறை வைக்கவில்லை. தண்ணீருக்கு அப்போது பஞ்சம் இல்லை. மார்கழி கழிந்ததும் மறுபடி முறை வந்தது. பொங்கல் விடுமுறையில் வீட்டில் இருந்தபோது, வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா கேட்டார்.

"இன்னிக்கு நம்ம முறை. மடைக்கு யாரு போறது?"

அந்தக் கேள்வி எனக்கு வினோதமாக இருந்தது. "இவ்வளவு நாளா யாருப்பா போனது?" என்றேன்.

"உங்கண்ணன்தான். நீ காலேஜுக்குப் போனதிலேருந்து."

ஒன்றரை வருஷம் நான் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் ஊரில் இல்லாமல் போனதும் அந்த வேலையும் இல்லாமல் போய்விட்டது போல இருந்திருக்கிறேன். ஆனால் அப்போதும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். விடியும் வரை நின்றேன். அண்ணன் செய்ததுபோலவே காலையில் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டு, அப்பாவோடு பகல் முழுக்க வேலை பார்த்தேன். சாயங்காலம் பொங்கல் போட்டிக்கு நோட்டோடு போய் உட்கார்ந்தேன்.

ஆட்டம் முடிந்து பார்த்தபோது முதல் பாதிக் கட்டங்கள் ஒழுங்காக இருந்தன. பிற்பாதியில் பாதிக் கட்டம் காலி. சில இடங்களில் பேனா கோணலாக இழுத்துக்கொண்டு ஓரம் வரை போயிருந்தது. யார் பாடினார்கள், யார் பிடித்தார்கள் என்று ஒன்றும் ஞாபகம் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே நான் தூங்கியிருக்கிறேன். நான் ஆடவில்லை. பேனா மட்டும்தான் பிடித்திருந்தேன்.

மைதானம் காலியான பிறகும் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். பிறகு எழுந்து பாய் கடைக்குப் போனேன். போட்டிகளில் நடுவர்கள் எழுதும் புள்ளித்தாளில் ஒரு நகல் அணிக்குக் கொடுப்பார்கள். பாய் அவற்றைக் கடையில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைத் தாள்களை மட்டும் பிரித்து எடுத்தேன். நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த நாட்களின் தாள்கள். அண்ணனின் பனியன் எண்ணைத் தேடித் தேடிக் குறித்தேன். முதல் பாதியில் எடுத்த புள்ளிக்குக் குறையாமல் பிற்பாதியிலும் எடுத்திருந்தான். சில வாரங்களில் அதிகமாகவே.

பாய் ஆணி எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை அவன் ஆடின ஆட்டமெல்லாம் எம் மனசுல இருந்துச்சு தம்பி" என்றார். "ஆனா நீங்க எழுதி வச்சிருந்தீங்களே."

நெல் மூட்டை வாங்க வருகிற வியாபாரி, குழல்போல உள்ளே குழிந்த குத்தூசியை மூட்டையின் வாயில் மட்டும் குத்த மாட்டார். நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. கையில் விழும் நெல்லை மூன்று இடத்திலிருந்தும் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்லுவார். வாயில் நல்ல நெல்லைப் போட்டு வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். புள்ளியியல் வகுப்பில் மாதிரி எடுப்பது பற்றி நடத்தியபோது இந்தக் குத்தூசியைத்தான் எழுந்து நின்று உதாரணமாகச் சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அண்ணனைப் பத்து முறை குத்தினேன். பத்தும் சனிக்கிழமை. அவன் ஆட வேண்டியிருந்தது ஞாயிற்றுக்கிழமை.

சவூதியில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்றைக்குச் சாயங்காலம் பாய் கடை போனுக்குத்தான் அண்ணன் கூப்பிடுவான். அடுத்த வெள்ளி மத்தியான வகுப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது.

"அண்ணே, அந்த நோட்டு தப்பு."

"எந்த நோட்டு?"

சொன்னேன். நடுவில் இரண்டு முறை லைனில் இரைச்சல் வந்து, திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அவன் கேட்டுக்கொண்டான்.

"சனிக்கிழமை சொக்கும்டா" என்றான். "கோட்டைத் தாண்டிப் போறப்ப எதுத்தாப்புல நிக்கறது ஏழு பேரா, பதினாலு பேரான்னே தெரியாது." சிரித்தான்.

"மடைக்கு நீதான் போறேன்னு ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?"

"வேற யாரு போவா? அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. நீ படிக்கப் போயிட்டே. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?"

நான் ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அந்த ஞாயித்துக்கிழமை நல்லாத்தான் இருந்தேன்டா" என்றான் பிறகு. குரலில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. அதைப் பற்றி அவன் சொன்னது அது ஒன்றுதான். அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை.

"அண்ணே..."

"விடு. இங்க வெள்ளிக்கிழமைதான் லீவு. காலையில படுத்தவன் இப்பத்தான் எந்திரிச்சேன். தண்ணி வருதா?"

"வருது. இன்னிக்கு நம்ம முறை."

"மணி என்ன அங்க?"

"அஞ்சரை ஆகப்போகுது."

"அப்ப போனை வையி. மேமடைக்காரரு ஆறு மணிக்கு முன்னாடியே அடைச்சிருப்பாரு. போய் நில்லு, போ."

வைத்துவிட்டான். நோட்டை பாயின் மேசைமேல் வைத்தேன். அவர் அதை எடுத்து, புள்ளித்தாள்கள் இருந்த கம்பிக்குக் கீழே ஒரு தட்டில் வைத்தார். வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்தேன். ஆறு மணிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எங்கள் மடையின் வாயில் இரண்டு வெட்டு ஈர மண் ஏற்கனவே விழுந்து கிடந்தது. அதை அள்ளிக் கரையில் போட்டுவிட்டு, தண்ணீரில் இறங்கி நின்றேன்.